அயல்மொழிச் சொல் எந்த வழியாகப் பொருள் தருகிறது?

பிறமொழிச் சொல்லொன்று காதில் விழுந்ததும் அதன் பொருள் நேராக மனத்தில் தோன்றுகிறதா, இல்லை தாய்மொழிச் சொல்லொன்று இடையில் நின்று பொருளை எடுத்துக் கொடுக்கிறதா? இந்தியத் தத்துவ மரபில் இது பழைய வழக்கு. வடமொழி தெரியாத மக்கள் பேசும் வட்டாரச் சொற்களுக்குப் பொருள் தரும் ஆற்றல் சொந்தமாக உண்டா என்று நையாயிகர்களும் (நியாய மரபின் தருக்கவாதிகள்) வையாகரணர்களும் (வடமொழி இலக்கண மரபினர்) நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். அந்த வாதத்தின் இரு தரப்பும் இன்று எதிர்பாராத ஓரிடத்தில் மறுபடி எதிர்ப்படுகின்றன: அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் தமிழ் மாணவர் ஆங்கிலச் சொல்வளம் சேர்க்கும் முறையில். ஐஇஎல்டிஎஸ், டோஃபல், ஜிஆர்இ தேர்வுகளுக்கான பயிற்சி மையங்கள் தரும் அறிவுரைகளில் பாதி, இந்தத் தத்துவக் கேள்விக்கு, கேள்வியே தெரியாமல் சொல்லப்படும் விடைகள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி இதை ஆராயத் தோதான ஊர். பட்டு நெசவு அங்கேயும் தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் வீட்டுத் தொழில். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது. அதனாலேயே அதற்குத் தனி வாடிக்கை. மொழியிலும் ஊர் ஒரே வார்ப்பு அல்ல. தமிழ் பேசும் நெசவாளர்களோடு சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் உண்டு. ஆரணி ஜாகீரை ஆண்டவர்கள் மராத்தி பேசிய தேசஸ்த பிராமணர்கள். வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்கள் பிராகிருத மந்திரத்தை இன்றும் ஓதுகிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வழிபாட்டில் வேறொன்று என்று பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் முதல் அயல்மொழியே அல்ல. இந்த ஊரில் படித்துப் பட்டம் பெற்று மேற்படிப்புக்குக் கடல் கடக்கும் மாணவர், சொல் பொருள் தருவதன் எல்லா வழிகளையும் ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்தவர்.

முதல் மொழியின் சொற்கள் வந்து சேரும் விதத்தைத் தறியருகே பார்க்கலாம். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் தாத்தா “தார் எடு” என்கிறார். ராட்டையருகே இருக்கும் அம்மா ஊடை நூல் சுற்றிய சிறு குழலை எடுத்து நீட்டுகிறார். சற்றுப் பொறுத்து “தார் மாத்து” என்கிறார். நாடாவிலிருந்து காலிக் குழலை உருவிப் புதியதை மாட்டுகிறார்கள். பிறகு “நாடா எடு” என்றதும் வேறொரு பொருள் கைமாறுகிறது. பக்கத்தில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. முதல் ஏவலிலும் மூன்றாம் ஏவலிலும் செயல் ஒன்று, பொருள் வேறு. முதல் இரண்டில் பொருள் ஒன்று, செயல் வேறு. எது மாறும்போது எந்த ஒலி மாறுகிறது என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பிள்ளை சொற்களைப் பிரித்துக்கொள்கிறது.

வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதை விருத்த வியவகாரம், அதாவது பெரியவர் வழக்கு, என்றார்கள். அவர்கள் தந்த எடுத்துக்காட்டில் தாருக்குப் பதில் பசு, நாடாவுக்குப் பதில் குதிரை. மூத்தவர் பசுவைக் கொண்டுவரச் சொல்கிறார், இளையவர் கொண்டுவருகிறார், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்து பசுவைக் கட்டச் சொல்கிறார். அதற்கடுத்து குதிரையைக் கொண்டுவரச் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டில் அவர்களுள் ஒருவரான பிரபாகரர் இதிலிருந்து ஒரு கடுமையான முடிவுக்கு வந்தார்: குழந்தை முதலில் கற்பது ஏவலை, முழு வாக்கியத்தை, தனிச்சொல் அதிலிருந்து பிறகு பிரித்தெடுக்கப்படுவது. ஆகவே சொல் எப்போதும் பிற சொற்களோடு இயைந்த நிலையில்தான் பொருள் உணர்த்தும். மேற்கில் அகஸ்டின் தம் தன்வரலாற்றில் பெரியவர்கள் பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லக் கேட்டுத் தாம் மொழி கற்றதாக எழுதினார். 1953இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் நூல் அந்த விவரணையோடுதான் தொடங்குகிறது. சுட்டுவிரல் நிறத்தைக் காட்டுகிறதா, வடிவத்தையா, எண்ணிக்கையையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டு அதைக் கலைக்கிறது. மாற்றாக அவர் வைத்த காட்சி, கொத்தனார் ஒருவர் கல் கேட்க உதவியாள் எடுத்துக் கொடுப்பது. பிரபாகரரின் பசுவுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டு இருக்கிறது. காட்சியின் அமைப்பு அப்படியே இருக்கிறது.

மற்றொரு மீமாம்சகரான குமாரிலர் பிரபாகரருக்கு உடன்பட மறுத்தார். ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தனியே உணர்த்தும். உணர்த்தப்பட்ட பொருள்கள் பிறகு கூடி வாக்கியப் பொருளாகும் என்பது அவர் தரப்பு. இல்லாவிட்டால் இதுவரை கேட்டிராத வாக்கியம் எப்படிப் புரியும்? அயல்மொழி கற்பவரின் அனுபவம் இருவருக்கும் பாதிப் பாதி சாட்சி சொல்கிறது. சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவரும் புதிய வாக்கியம் அமைக்கிறார். அது குமாரிலர் பக்கம். ஆனால் அவர் அமைக்கும் வாக்கியம் தடுக்கும் இடமெல்லாம் பிரபாகரர் பக்கம். தமிழில் கனமழை, ஆங்கிலத்திலும் மழைக்கு ‘ஹெவி’ என்பதே அடைமொழி, ஆகவே சிக்கல் இல்லை. தமிழில் பரீட்சை எழுதுகிறோம். அப்படியே ‘ரோட் தி எக்ஸாம்’ என்றால் லண்டனில் கேட்பவர், இவர்தான் வினாத்தாளைத் தயாரித்தவர் போலிருக்கிறது என்று நினைக்கக்கூடும். இரண்டு சொற்களும் மாணவருக்குத் தெரிந்தவையே. தெரியாதது அவற்றின் இயைபு. ஐந்தாம் நூற்றாண்டளவில் வையாகரணர் பர்த்ருஹரி இன்னும் ஒரு படி மேலே போய், வாக்கியமே பிரிவில்லாத ஒன்று, சொற்கள் பாடம் நடத்துவதற்காக நாம் வெட்டியெடுத்த துண்டுகள் என்றார். சொற்பட்டியல் விற்பவர்கள் விரும்பாத கருத்து.

என்றாலும் பட்டியலை இகழும் உரிமை தமிழருக்கு அவ்வளவாக இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகளை மனப்பாடம் செய்தே திண்ணைப் பள்ளிகளில் தமிழ் கற்றார்கள். சமணரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆனது. ஓசை நினைவைத் தாங்கும். ஒரு சொல் பல பொருள் தருவதைச் சொல்லும் தொகுதியில் சொற்கள் எதுகை முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை நினைத்தால் ஒலியால் உறவுடைய அடுத்தது தானே வரும். பொருள் புரியாமல் ஒப்பித்த சிறுவனுக்கு முன்னால் அந்தாதியும் புராணமும் காத்திருந்தன. அங்கே சொல் மறுபடி எதிர்ப்பட்டபோது, சேமித்து வைத்தது பயன்பட்டது. பழைய பாடத்தை முறை வைத்துத் திரும்ப ஒப்பிக்கும் வழக்கமும் இருந்தது. 1885இல் எபிங்ஹாஸ் மறதியை அளந்து கண்டதும், 1972இல் லைட்னர் அட்டைப்பெட்டி முறையாக வகுத்ததும், இன்று ‘அங்கி’ செயலி கணக்கிட்டுத் தருவதும் ஏறக்குறைய அதையே: மறக்கப்போகும் தறுவாயில் ஒருமுறை நினைவுகூர்ந்தால் சொல் தங்கும்.

ஜிஆர்இ பட்டியலின் கதை வேறு. பேரன்ஸ் நூலின் 3500 சொற்களை ஒரு தலைமுறை இந்திய மாணவர்கள் உருப்போட்டார்கள். அகரவரிசை, ஓசை இல்லை, எதிரே காத்திருக்கும் நூலும் இல்லை, தேர்வு மட்டும்தான். எதிர்ச்சொல் கேட்கும் வினாவும் சொல்லுறவு வினாவும் 2011 ஆகஸ்டில் அந்தத் தேர்விலிருந்து நீக்கப்பட்டன. வாக்கியத்தையும் பத்தியையும் படித்துச் சொல்லைத் தேரும் வினாக்கள் நிலைத்தன. பிரபாகரர் கேட்டால் மகிழ்ந்திருப்பார். பட்டியல்கள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பட்டியலின் எல்லை எது என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் தெளிவாகவே கண்டிருக்கிறார். வழக்கில் பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் சொல்வது அந்த இயலின் முறை. முறையைக் கையாண்டுவிட்டு இயலின் முடிவில் அதையே அவர் கேள்விக்கு உட்படுத்துகிறார்: ஒரு சொல்லுக்குப் பொருளாகச் சொன்ன சொல்லுக்கும் பொருள் கேட்டால், அதற்கும் கேட்டால், முடிவே இராது. உணர்த்தும் வழி அறிந்தவர் உணர்த்தினால் பொருள் பிறழாது. ஆனால் உணரும் வாயில் உணர்வோரிடம்தான் இருக்கிறது. ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தேடிப் போய், விளக்கத்தில் உள்ள சொல்லைத் தேடி, அங்கிருந்து மூன்றாவதற்குப் போய், புறப்பட்ட சொல்லுக்கே திரும்பி வந்த மாணவர் யாருக்கும் இது உரை இல்லாமலே விளங்கும். சொற்களின் வட்டத்துக்கு வெளியே ஓரிடத்திலாவது காலூன்ற வேண்டும். தறியில் அந்த இடம் தார்.

எத்தனை சொல் வேண்டும் என்பதற்கு ஆய்வாளர்கள் கணக்குத் தந்திருக்கிறார்கள். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்களுக்கு முதலில் தேவை வாசிப்பு என்று கண்டு, குறைந்த சொற்களில் பாடநூல் எழுதினார். அவர் பெயரில் 1953இல் வெளியான அடிப்படைப் பட்டியலில் சுமார் 2000 சொற்கள். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். பல்கலைக்கழகப் பாடங்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று அவற்றுக்குள் அடங்கிவிடும். பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, எழுத்து நூல்களை உதவியின்றிப் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. இந்தக் கணக்கின் அடியில் இருக்கும் அளவுகோல், பக்கத்தில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருந்தால்தான் மீதியை ஊகிக்க முடியும் என்பது. முந்நூறு சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஆறு என்றால் ஊகம் நடக்கும். முப்பது என்றால் நடக்காது.

ஊகம் எப்படி நடக்கிறது என்பதற்கு நியாய மரபில் அழகான பகுப்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் விசுவநாத பஞ்சானனர் எழுதிய சித்தாந்த முக்தாவளி, சொல்லின் பொருளாற்றலை அறிய முன்னோர் சொன்ன எட்டு வழிகளைத் தொகுத்துத் தருகிறது. இலக்கணம், ஒப்புமை, நிகண்டு, நம்பத்தக்கவர் வாக்கு, வழக்கு, வாக்கியத்தின் எஞ்சிய பகுதி, உரை விளக்கம், தெரிந்த சொல்லின் அண்மை. இன்றைய மொழிக்கல்வி நூல் ஒன்றின் பொருளடக்கம் இதைவிடப் பெரிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. எட்டில் மாணவருக்கு மிகுதியாகப் பயன்படுபவை ஆறாவதும் எட்டாவதும். ‘யவம்’ என்ற சொல்லுக்கு ஆரியர் வாற்கோதுமை என்றும் மிலேச்சர் தினை வகை ஒன்று என்றும் பொருள் கொண்டார்கள். வேத வாக்கியத்தின் மீதிப் பகுதி, பிற பயிர்கள் வாடும்போது இது செழித்து நிற்கிறது என்று சொல்வதால் வாற்கோதுமையே என்று தீர்த்தார்கள். மாமரத்தில் ‘பிகம்’ இனிமையாகக் கூவுகிறது என்று கேட்டால், மாமரமும் கூவுதலும் தெரிந்தவர்க்குப் பிகம் குயில் என்பது தானே தெரியும். மாமரமும் தெரியாது, கூவுதலும் தெரியாது என்றால்? நேஷனின் 98 விழுக்காடு அதற்குத்தான்.

வாசிப்பால் சொல் சேர்த்தவர்க்கு ஆரணியிலேயே முன்னோடி உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்களைப் படித்து, தமிழ் ஊரும் பெயரும் கொடுத்து, கதை கதையாகத் தமிழாக்கித் தள்ளியவர். ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராக இருந்தவர். விமர்சகர்கள் அவரைத் தழுவல்காரர் என்று ஒதுக்குவது வழக்கம். மொழிக் கல்வியின் கண்ணால் பார்த்தால், லண்டன் தெருவை உள்ளூர்த் தெருவாக மாற்ற, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் அந்தத் தெருவில் என்ன வேலை செய்கிறது என்று அறிந்தாக வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மேலே வந்த ‘பிகம்’ வடமொழியே அல்ல என்பது இந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை. மீமாம்ச உரையாசிரியர் சபரர், ஆரியர் வழக்கில் இல்லாமல் மிலேச்சர் வழக்கில் மட்டும் உள்ள சொற்கள் வேதத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு, பிகத்தையும் தாமரையைக் குறிக்கும் தாமரசத்தையும் எடுத்துக்காட்டினார். தாதுவைப் பிரித்து நாமாகப் பொருள் கற்பிப்பதா, மிலேச்சர் கொண்ட பொருளை ஏற்பதா? ஏற்பதே சரி என்று தீர்ப்பளித்தார்: சொல் யாருடையதோ அவர் வழக்கே அதற்குச் சான்று. இதற்கு விரிவுரை எழுதிய குமாரிலர், தம் மொழிச் சாயலால் பிறமொழிச் சொல்லை விளங்கிக்கொள்ளும் பிழைக்குத் தமிழிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்தார். தென்னாட்டார் சோற்றைச் ‘சோர்’ என்றால் வடவர் அதைச் ‘சோரன்’, திருடன் என்று திரிக்கிறார்கள். பாம்பை ‘பாப்’ என்றால் ‘பாபம்’ என்று கொண்டு, ஆமாம், பாம்பு பாவப்பிறவிதானே என்று சமாதானமும் சொல்கிறார்கள். வயிற்றை ‘வைர்’ என்றால் ‘வைரி’, பகைவன். பசித்தவனைத் தீய செயலில் தள்ளுவது வயிறுதானே! அருகில் உள்ள திராவிட மொழிக்கே இந்தக் கதி என்றால் பாரசீகம், யவனம், உரோமகம் முதலியவற்றை என்ன பாடுபடுத்துவார்களோ என்று அவர் கேட்கிறார். தவறான விளக்கம் தன்னளவில் எவ்வளவு பொருத்தமாக ஒலிக்கிறது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. தவறாகக் கற்ற சொல் நெருடாது.

‘டவுட்’ என்ற சொல் அப்படிப்பட்டது. ஆரணியில் எந்த வகுப்பறையிலும் மாணவர் எழுந்து ‘சார், ஒரு டவுட்’ என்பார், ஆசிரியர் விளக்குவார். தமிழில் சந்தேகம் என்ற சொல் விளங்காமையையும் குறிக்கும், நம்பாமையையும் குறிக்கும். பிரிட்டனில் பேராசிரியரிடம் அதே சொல்லைச் சொன்னால், தம் வாதத்தை மாணவர் நம்பவில்லை என்று அவர் கொள்ள இடமுண்டு. சபரரின் தீர்ப்புப்படி அங்கே மாணவர் ‘கொஸ்டின்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக ஆரணி வழக்கைப் பிழை என்றுவிட முடியுமா? அங்குதான் வையாகரணர்களின் வழக்கு உள்ளே வருகிறது.

நையாயிகர் பெரும்பாலோர் கொள்கைப்படி, பொருளாற்றல் சாதுச் சொல்லுக்கு, அதாவது வடமொழிச் சொல்லுக்கு மட்டுமே உண்டு. அந்த ஆற்றலாவது, இந்தச் சொல்லால் இந்தப் பொருள் அறியப்படுக என்ற ஈசுவர சங்கற்பம். வட்டாரச் சொல்லைக் கேட்பவர், அதற்கு மூலமான வடமொழிச் சொல்லை நினைவுகூர்வதாலோ, வட்டாரச் சொல்லுக்கே ஆற்றல் இருப்பதாக மயங்குவதாலோதான் பொருள் பெறுகிறார். பிற்கால வையாகரணர்களான கௌண்டபட்டரும் நாகேசரும் இதை ஏற்கவில்லை. வடமொழியே அறியாத உழவன் எந்த வடமொழிச் சொல்லை நினைவுகூர்வான்? நன்றாகவே பொருள் புரிந்துகொள்கிறானே, அதை மயக்கம் என்பது எப்படி? இருவருக்கும் முன்பே பர்த்ருஹரி நடுவழி ஒன்றைத் திறந்திருந்தார். குழந்தை மழலையில் சொன்னதைக் கேட்டவர் திருந்திய சொல்லை ஊகித்துப் பொருள் கொள்வது போலத் தொடக்கத்தில் திரிசொல் மற்றொரு சொல் வழியாகவே பொருள் தரும். தலைமுறை தலைமுறையாக வழங்கி நிலைபெற்ற பிறகு, அதைப் பேசுவோர்க்கு அதுவே நேராகப் பொருள் தரும். திருந்திய சொல்தான் அவர்களுக்கு வெறும் ஒலி. ஆரணி வகுப்பறையில் ‘டவுட்’ நிலைபெற்றுவிட்ட சொல். பிரிட்டனில் அது இன்னும் சந்தேகத்தின் வழியாகப் போய் வருகிறது.

இந்த நடுவழியை உளவியலார் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜூடித் க்ரோலும் எரிக்கா ஸ்டூவர்ட்டும் 1994இல் முன்வைத்த மாதிரிப்படி, இரண்டாம் மொழியில் புதியவர்க்கு அயற்சொல்லிலிருந்து தாய்மொழிச் சொல்லுக்கும், அங்கிருந்து கருத்துக்கும் பாதை போகிறது; தேர்ச்சி ஏற ஏற அயற்சொல்லிலிருந்து கருத்துக்கு நேர்ப்பாதை வலுக்கிறது. நையாயிகர் சொன்னது தொடக்க நிலை, வையாகரணர் சொன்னது தேர்ந்த நிலை என்று கொண்டால் வழக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையங்கள் முதல் வகுப்பிலேயே தமிழில் நினைக்காதே, ஆங்கிலத்திலேயே நினை என்று கட்டளையிடுவது, கடைசிப் படியை முதல் படியாக வைக்கும் செயல். நினைக்கச் சொல் இல்லாதவனை நினைக்கச் சொல்லி என்ன பயன்?

இதற்கு மிகச் சரியான தத்துவ வாக்கு ஆரணி வட்டாரத்திலேயே இருக்கிறது. ஆரணிக்குத் தென்கிழக்கே வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலை, சமண ஆசாரியர் குந்தகுந்தர் தவம் செய்த இடமாகப் போற்றப்படுகிறது. மலைமேல் அவர் திருவடிகள் வணங்கப்படுகின்றன. தமிழ்ச் சமணர் அவரை ஏலாசாரியர் என்பர். அவருடைய சமயசாரம் நிச்சயநயம், வியவகாரநயம் என்று இரண்டு பார்வைகளைப் பேசுகிறது. ஆன்மாவின் உண்மை நிலையைச் சொல்வது முதலாவது. உலக வழக்குப்படி பேசுவது இரண்டாவது. முதலாவதே உண்மை என்றால் இரண்டாவது எதற்கு? அதற்கு அவர் மொழியையே சான்றாக வைக்கிறார்: அயலான் ஒருவனுக்கு அவன் மொழியில் அல்லாமல் எதையும் விளங்கவைக்க முடியாது, அதுபோல் வழக்கு நிலையைக் கொள்ளாமல் மேலான உண்மையை உபதேசிக்க இயலாது. மொழிக்காகச் சொன்ன கருத்தல்ல இது, மோட்சத்துக்காகச் சொன்னது. ஆனாலும் உவமையாக நிற்பது யாரும் மறுக்க மாட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்ட ஒன்று: கற்பவனின் சொந்த மொழி வழியாகத்தான் நுழைவாயில். அந்த வாயிலிலேயே நின்றுவிடுவதும் தவறு என்பதையும் அதே நூல் வலியுறுத்துகிறது.

தமிழ்ச் சொல்லின் துணை எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும் என்பது சொல்லின் இனத்தைப் பொறுத்தது. நெசவுக் குடும்பத்திலிருந்து ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போனவருக்குப் பாவு ‘வார்ப்’ என்றும் ஊடை ‘வெஃப்ட்’ என்றும் ஒருமுறை சொன்னால் போதும். பொருளைக் கையால் அறிந்தவர்; புதிதாகப் பெறுவது பெயரை மட்டுமே. ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ போன்றவை அப்படியல்ல. இவை குறிப்பது எடுத்து நீட்டக்கூடிய பொருளை அல்ல, மனத்தின் செயலை. அகராதியைப் பார்த்தால் ஒன்று உணர்த்துதல், மற்றது உய்த்துணர்தல். கட்டுரையில் மாணவர் ‘இந்தப் புள்ளிவிவரம் இன்ஃபர் செய்கிறது’ என்று எழுத, ஆசிரியர் சொல்லை அடித்து ‘இம்ப்ளை’ என்று ஓரத்தில் எழுதுகிறார். புள்ளிவிவரம் உணர்த்தும், உய்த்துணர்வது ஆள். இந்த வேறுபாடு பிடிபடுவது எது எதுவல்ல என்று தெரியும்போதுதான்.

காஞ்சியின் அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர், சொற்பொருள் என்பதே இந்த விலக்கல்தான் என்றார். பசு என்ற சொல் பசுத்தன்மை என்ற நிலையான ஒன்றைச் சுட்டவில்லை, பசுவல்லாதவற்றை விலக்குகிறது. அபோகம் எனப்படும் இக்கொள்கையைக் குமாரிலர் கடுமையாகத் தாக்கினார்: பசுவை அறியாமல் பசுவல்லாததை எப்படி அறிவது, இது வட்டத் தருக்கம் என்று. முதல் மொழி கற்கும் குழந்தையைப் பொறுத்தவரை தாக்குதல் பலமானது. ஒருபொருட் சொற்கள் நெருங்கிக் கிடக்கும் இரண்டாம் மொழியில், பொதுப்பொருள் ஏற்கெனவே கைவசம் உள்ளவருக்கு, திக்நாகர் சொன்னது ஏறக்குறைய அன்றாட நடைமுறை. ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ மூன்றுக்கும் பெரிய என்ற ஒரே தமிழ்ச்சொல்லை எழுதிவைத்தவர், ஒவ்வொன்றும் எங்கே வராது என்று கற்றுத்தான் முன்னேறுகிறார்.

கடைசியாக, சமயம் நேரடியாகத் தொடும் கேள்வி: பொருளைக் காட்டுபவர் யார்? மீமாம்சகருக்குச் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாரும் செய்யாதது, தொடக்கம் இல்லாதது. வழக்கு அதை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே. பழைய நியாயத்தில் ஈசுவரன் செய்தது; பிற்கால நியாயத்தாரான நவ்வியர் அந்தச் சங்கற்பம் ஈசுவரனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மனிதர் வைத்த பெயர்க்கும் பொருளாற்றல் உண்டு என்று தளர்த்தினார்கள். அகஸ்டின் கி.பி. 389 அளவில் தம் மகனோடு நிகழ்த்திய உரையாடலாக எழுதிய ‘ஆசிரியர்’ என்ற நூலில் இதைவிடத் தீவிரமான முடிவுக்குப் போகிறார். பொருளை அறியாதவனுக்குச் சொல் வெற்றொலி. அறிந்தவனுக்குச் சொல் நினைவூட்டல். ஆகவே எந்த மனித ஆசிரியரும் சொற்களால் எதையும் கற்பித்ததில்லை, உள்ளிருந்து காட்டும் கிறிஸ்துவே ஆசிரியர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உள்ளும் புறமும் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. கதிரவன் ஒளி காட்டினாலும் உயிர் கூடி நின்றாலன்றிக் கண் காணாது. அவ்வாறே உயிர் ஒன்றை அறிய, இறைவன் காட்டவும் வேண்டும், உடன்நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றுக்குப் பெயர். உணரும் வாயில் உணர்வோரிடம் என்ற தொல்காப்பியர் கூற்றுக்கு, அந்த வாயில் எப்படித் திறக்கிறது என்று சித்தாந்தம் ஒரு விடை சொல்கிறது. பேராசிரியர் ஓரத்தில் எழுதிய ‘இம்ப்ளை’ காட்டுதல் மட்டும்தான்.

தேர்ந்தவருக்கு அயற்சொல் நேராகப் பொருள் தரும் என்ற தீர்வுக்கு அடங்காத ஓர் இனம் உண்டு என்றால் அது சமயச் சொற்கள். அருள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கிரேஸ்’ என்று எழுதுகிறார்கள். 1900இல் ஆக்ஸ்ஃபோர்டில் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி.யு. போப் காலம் தொட்டு அதுவே வழக்கு. பவுலும் அகஸ்டினும் பேசும் ‘கிரேஸ்’ தகுதியின்மை பாராமல் வருவது. சித்தாந்தத்தின் அருள், உயிரின் மலம் பக்குவப்பட்டு (மலபரிபாகம்) இறைவனின் சத்தி உயிரில் பதியும்போது (சத்திநிபாதம்) வாய்ப்பது. அயல்நாட்டில் சமயவியல் படிக்கும் தமிழ் மாணவர் எத்தனை ஆண்டு தேர்ந்தாலும் ‘கிரேஸ்’ என்ற சொல் அவருக்கு அருளின் வழியாகவும் வருகிறது, அருளைவிட்டு விலகியும் வருகிறது. கிறித்தவ இறையியல் வகுப்பில் முதலாவதை அடக்கி வைக்க வேண்டும், சித்தாந்த வகுப்பில் இரண்டாவதை. க்ரோலின் மாதிரியில் இதற்குத் தனிப்பாதை வரையப்படவில்லை. பர்த்ருஹரியின் நடுவழியும் ஒரு சொல் ஒரு சமூகத்தில் நிலைபெறுவதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரே ஆள் இரண்டு சமூகங்களில் ஒரே சொல்லை ஆளும் நிலையை அது எடுத்துக்கொள்ளவில்லை.